சின்னக் கைக்கு ரிவால்வர் பிடி: முதலில் மரத்தைக் கழற்றிப் பாருங்கள்

டெக்சஸில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ஒன்றை, நான்கு அங்குல பேரலோடு, செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். அதோடு வந்த மரப்பிடி அவருக்குப் பெரிதாக இருக்கிறது. மணிக்கட்டு ரேகையில் இருந்து நடுவிரல் நுனி வரை அவர் கை ஆறரை அங்குலம். ரப்பர் பிடி பிடிக்கவில்லை, மரம்தான் வேண்டும், சின்னக் கைக்கு எந்த கம்பெனியின் பிடி நல்லது என்பது கேள்வி.

கேட்டது கம்பெனி பெயர். ஆனால் கடைசியில் அவரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: விரல் ட்ரிகருக்கு எட்ட வேண்டும் என்று கையைக் கொஞ்சம் சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இருபது குண்டு சுட்டதும் கட்டை விரலின் அடிமூட்டு வலிக்கிறது. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. பிடி பருமனாக இருக்கிறதா என்பதை விட, ட்ரிகர் எட்டுகிறதா என்பதுதான் முதல் விஷயம். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. உள்ளங்கைக்கு ஒல்லியாக, இதமாக இருக்கும் பிடியிலும் ட்ரிகர் எட்டாமல் போகலாம்.

நான் ஒஹாயோவில் துப்பாக்கி சுடப் பழகும் ஒரு ரேஞ்சில் பல வருடங்களாக வார இறுதிகளில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா தச்சர். அவரிடம் கற்ற கொஞ்சம் மரவேலையை வைத்து, வீட்டு கராஜில் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் பிடி இழைத்துக் கொடுப்பதும் உண்டு. துப்பாக்கியின் உள்வேலை என் தொழில் அல்ல. அதனால் கையும் மரமும் சந்திக்கும் இடத்தைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டபுள் ஆக்‌ஷனில் (சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல், ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும் முறை) இந்த ரிவால்வர்களின் ட்ரிகரை இழுக்க சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு விசை வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனிச் சதையால் அவ்வளவு கனத்தை நேராக இழுப்பது பெரிய கைக்கே சிரமம். முதல் மடிப்புக் கோடு, அதாவது நுனிக்குப் பக்கத்து மூட்டின் கோடு, ட்ரிகர் மேல் பதிந்தால்தான் விரலுக்கு நெம்பும் வலு கிடைக்கும். அதே நேரத்தில் பேரல் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பிடியின் முதுகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவையில் உட்கார வேண்டும். விரல் எட்டாதவர்கள் என்ன செய்கிறார்கள்? துப்பாக்கியைக் கையில் சற்றே திருப்பிக்கொள்கிறார்கள். அரை அங்குலம் திருப்பினாலும் முதுகு கவையை விட்டு நகர்ந்து கட்டை விரலின் அடிமூட்டு மேல் ஏறிவிடும். சதை வாங்க வேண்டிய உதையை அப்புறம் எலும்பு வாங்குகிறது. உங்கள் வலி அதுதான் என்று நீங்கள் எழுதியதை வைத்தே என்னால் சொல்ல முடிகிறது. ரேஞ்சில் இதே இடத்தில் சிவந்த தடத்தோடு வந்து கையைக் காட்டியவர்கள் நிறைய பேர்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குண்டுப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பிறகு மரத்தைக் கழற்றுங்கள். கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்க்ரூவின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும், ஓரம் சாய்ந்திராத ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஸ்க்ரூவை முழுக்க எடுத்துவிட்டு நகத்தாலோ கத்தியாலோ நெம்பாதீர்கள். மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்தி, வெளியே நீண்டிருக்கும் ஸ்க்ரூத் தலை மேல் ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். எதிர்ப்பக்கத்துப் பலகை தானே பிரிந்து வெளியே வரும். பிறகு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு இந்தப் பக்கத்துப் பலகையை உள்ளிருந்து விரலால் தள்ளினால் போதும். ஓரம் ஒரு இழைகூடச் சிதறாது. நெம்பிக் கழற்றி மேல் நுனி உடைந்த பழைய பிடிகளைப் பழைய சாமான் சந்தைகளில் பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படும். ஒரு நிமிடப் பொறுமை இருந்திருந்தால் இன்னொரு ஐம்பது வருடம் இருந்திருக்கும்.

இப்போது வெறும் இரும்பைக் கையில் பிடியுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கவை முதுகின் உச்சியில், பேரல் முன்கைக்கு நேராக, ஆள்காட்டி விரல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். இந்தத் துப்பாக்கியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பிடி இதுதான். மரம் இதன் மேல் கூட்டத்தான் செய்யும், ஒருபோதும் குறைக்காது. வெறும் இரும்பில் விரல் மடிப்புக் கோடு வரை போகிறது என்றால், நல்ல மரத்தால் உங்கள் பிரச்சினை தீரும். நுனிச் சதையின் நடு வரை போகிறது என்றால் கொஞ்சம் சமாதானம் செய்துகொண்டு, மிக ஒல்லியான பிடியோடு சமாளிக்கலாம். வெறும் இரும்பிலேயே நுனிதான் தொடுகிறது என்றால் உலகத்தின் எந்த ஆசாரியும் உங்களுக்கு உதவ முடியாது. வேறு துப்பாக்கியைத்தான் பார்க்க வேண்டும். மாடல் 19 கே பிரேம், அதாவது நடுத்தர அளவு உடற்சட்டம். ஆறரை அங்குலக் கையுள்ளவர்கள் பலருக்கு இதன் வெறும் இரும்பில் விரல் போதிய அளவு எட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விரல் நீளமும் உள்ளங்கை நீளமும் ஆளுக்கு ஆள் வேறு விகிதத்தில் இருக்கும். ஒரே ஆறரை அங்குலத்தில் ஒருவருக்கு விரல் நீளம், இன்னொருவருக்கு உள்ளங்கை நீளம். அதனால் உங்கள் கையைப் பார்க்காமல் இதை என்னால் முடித்துச் சொல்ல முடியாது. நீங்களே பிடித்துப் பார்ப்பதுதான் வழி.

சோதனையில் தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இனி மரம். உங்கள் துப்பாக்கியோடு வந்தது, நீங்கள் சொல்லும் வர்ணனையை வைத்துப் பார்த்தால், டார்கெட் பிடி: பக்கவாட்டில் தடிமனாக, அடியில் அகன்று, ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு (ட்ரிகர் கார்டு) பின்னால் உள்ள இடைவெளியை நிறைத்து வருவது. இதன் முதுகில் மரம் கிடையாது, இரும்பு வெளியே தெரியும். அப்படியானால் எட்டுவதைக் கெடுப்பது எது? பக்கப் பலகைகளின் மேற்பகுதி. வலது கைக்காரர் என்றால், வலது பலகையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் உரசிக்கொண்டு போகும். இடப்பக்கத்தில் கட்டை விரலின் சதைமேடு. இந்த இரண்டு இடத்திலும் மரம் தடித்திருந்தால் கவை முழுதாக விரிந்து முதுகில் பொருந்தாது. விரல் நீளம் அங்கேயே செலவாகிவிடும். கடையில் எல்லோரும் பிடியின் நடுவைக் கையால் சுற்றிப் பார்த்து ஒல்லியா பருமனா என்று முடிவு செய்கிறார்கள். நீங்கள் மேலே பாருங்கள், விரலின் அடி உரசும் இடத்தைப் பாருங்கள்.

முதுகையும் மூடிக்கொண்டு வரும் பிடிகளை நீங்கள் அடியோடு தவிர்க்க வேண்டும். அவை உதையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் முதுகில் ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ட்ரிகரை அதே ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைக்கும். இணையத்தில் வாங்கும்போது படத்தில் பின்பக்கம் தெரியாவிட்டால் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்கள் துப்பாக்கிக்கு நான் முதலில் சொல்வது புதிய பிடி அல்ல, பழைய மேக்னா பிடி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1930களில் கொண்டு வந்த வடிவம் அது. இரும்பின் விளிம்போடு ஒட்டி, மெல்லிய இரண்டு பலகை, மேலே கவைக்குப் பக்கத்தில் மட்டும் சற்று உயர்ந்து பரந்திருக்கும். முதுகும் முன்பக்கமும் இரும்பாகவே இருக்கும். சின்னக் கைக்கு இதை விட ஒல்லியான மரத்தைத் தேடுவது கஷ்டம். இதில் ஒரு குறை உண்டு. ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் வெற்றிடம் இருப்பதால், சுடும்போது கார்டின் பின்வளைவு நடுவிரல் கணுவில் வந்து மோதும். அதற்காகவே ஒக்லஹோமாவில் பிறந்த டைலர் டி-கிரிப் என்ற சின்ன உலோகத் துண்டு உண்டு. முன்பக்கம் அந்த இடைவெளியில் உட்கார்ந்து, மரப்பலகைகளுக்கு அடியில் கவ்விக்கொள்ளும். நடுவிரல் அதன் மேல் நிம்மதியாக நிற்கும். இது முன்பக்கத்தை நிறைக்கிறதே தவிர முதுகைத் தொடாது, ஆகவே ட்ரிகர் தூரம் மாறாது. மேக்னாவும் டி-கிரிப்பும் சேர்ந்த ஜோடியை சின்னக் கையுள்ள எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பாதிப் பேருக்கு மேல் அதோடு தேடலை நிறுத்திவிட்டார்கள்.

வாங்கும்போது பிரேமைச் சரியாகச் சொல்லுங்கள். கே, எல் இரண்டுக்கும் பிடி ஒன்றே. ‘என்’ (N) பிரேம் பெரியது, அதன் பிடி வேறு. ஜே சின்னது, அதுவும் வேறு. அதற்கு மேல் அடிப்பாகம் சதுரமா உருண்டையா என்ற கேள்வி உண்டு. கம்பெனி 1990களின் நடுவில் எல்லாவற்றையும் உருண்டை அடிக்கு மாற்றியது. அதற்கு முந்தைய நான்கு அங்குல மாடல் 19 சதுர அடிதான், பிடியின் குதிகாலில் மூலை இருக்கும். உருண்டை அடிக்குச் செய்த பலகை உங்கள் இரும்பை மூடாது. உருண்டை அடி இருந்தால் சின்னக் கைக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். சுண்டு விரல் பக்கம் அது உண்மை. ட்ரிகர் தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். சதுரத்தை அறுத்து உருட்டித் தருகிற கன்ஸ்மித்துகள் இருக்கிறார்கள். திரும்பிப் போக முடியாத வேலை அது. பழைய மாடல் 19க்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விரல் பள்ளம் வெட்டிய பிடிகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: சின்னக் கைக்கு வேண்டாம். அந்தப் பள்ளங்கள் சராசரி விரல் அகலத்துக்கு வெட்டியவை. மெல்லிய விரல்கள் பள்ளத்தில் இறங்காமல் மேட்டில் உட்காரும். ஒரு மாணவி ஆசையாக வாங்கிய வால்நட் பிடியில் இதைப் பார்த்தேன். நடுவிரல் முதல் பள்ளத்தில் சரியாக இருந்தது, மோதிர விரல் மேட்டின் முதுகில், சுண்டு விரல் அடுத்த மேட்டின் சரிவில். ஐந்து சுற்று சுடுவதற்குள் கை தானாகக் கீழே நழுவி விரல்களைப் பள்ளத்துக்குள் கொண்டு போனது. கை கீழே இறங்கினால் கவையும் முதுகின் உச்சியை விட்டு இறங்கிவிடும். மேடுகளைச் சமமாக இழைத்துக் கொடுத்த பிறகுதான் அவருக்குக் கை நின்றது.

உள்ளங்கைக் குழிவை நிறைக்கும் உப்பலைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நல்ல சுடுநர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். சிலருக்கு அது கையைத் தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டு வருகிறது. சிலருக்கு விரல்களைப் பிரித்துவிடுகிறது. உப்பல் கீழ்ப்பாதியில் மட்டும் இருந்தால் சின்னக் கைக்கும் ஆகலாம் என்பது என் அனுபவம், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவு கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: பிடியைச் சுற்றிப் பிடித்தால் கட்டை விரல் நுனி நடுவிரலின் மேல் வந்து படிய வேண்டும். படியவே இல்லை என்றால் பருமன். நடுவிரல் நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்றால் அளவுக்கு மேல் ஒல்லி. ஆம், சின்னக் கைக்கும் பிடி அளவுக்கு மேல் ஒல்லியாகலாம். மெல்லிய பிடி உதையைக் கையின் குறுகிய ஒரு கோட்டில் கொண்டு வந்து இறக்கும்.

இதே காரணத்தால்தான் சின்னக் கை என்றதும் ஜே பிரேம் துப்பாக்கியைக் கையில் திணிக்கும் யோசனையை நான் ஏற்பதில்லை. ட்ரிகர் எட்டும், சரி. ஆனால் எடை குறைந்த அலுமினிய ஜே பிரேம் அரைக் கிலோகூட இராது, உங்களுடையது ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரே குண்டு இரண்டிலும் வேறு வேறு மாதிரி உதைக்கும். சுண்டு விரலுக்கும் அங்கே இடம் இருக்காது. பழகுவதற்கு உங்கள் கனமான கே பிரேம்தான் நல்ல துப்பாக்கி. வெறும் இரும்புச் சோதனையில் தேறாதவர்களுக்கு ரூகரின் ஜிபி100 அல்லது எஸ்பி101 நல்ல வழி. அவற்றின் உள்ளே பிடி வடிவத்தில் இரும்புச் சட்டம் கிடையாது, ஒரு தண்டு மட்டும் இறங்கும். அதனால் பிடி செய்பவருக்கு வடிவத்தில் அதிக சுதந்திரம்.

கை அளவுக்கே செய்து வாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும், அது பழைய வழக்கம். மாசசூசெட்ஸில் வால்டர் ரோப்பர் 1930களிலேயே இலக்குச் சுடுநர்களுக்கு அப்படி வடிவமைத்தார். ஐடஹோவின் ஹெரெட்ஸ், கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லி அந்த அளவுக்குச் செய்து கொடுத்ததற்குப் பெயர் பெற்றது. யாரிடம் கொடுத்தாலும் வரைந்த கையோடு இன்னொன்றையும் எழுதி அனுப்புங்கள்: வெறும் இரும்பைப் பிடித்தபோது ட்ரிகர் விரலின் எந்த இடத்தில் பட்டது என்பதை. தாளில் வரைந்த கை தட்டையானது, கவையின் ஆழம் அதில் தெரியாது.

செலவு குறைவாக வேண்டும் என்றால் நீங்களே இழைக்கலாம். ஆனால் துப்பாக்கியோடு வந்த பிடியைத் தொடாதீர்கள். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் வலது பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண் இருந்தால் அது தொழிற்சாலையில் ஜோடி சேர்ந்தது, சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு. துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். விலை குறைந்த வேறு மரப்பிடி ஒன்று வாங்கி, அதன் மேல் வேலை செய்யுங்கள். கையில் சாக்பீஸ் பொடி தடவி ஒருமுறை அழுத்திப் பிடித்து எடுத்தால் எங்கே தடுக்கிறது என்று மரம் காட்டிவிடும். 120 உப்புத்தாளில் தொடங்கி 220, 320, கடைசியில் 400. பத்து இழுப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். இரும்போடு சேரும் உட்புறத்தையும், ஸ்க்ரூ உட்காரும் உலோக வளையத்தைச் சுற்றியுள்ள மரத்தையும், அடியில் இரும்பு முளை நுழையும் துளையின் பக்கத்தையும் தொடாதீர்கள். அந்த முளைத் துளைப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று நான் ஒருமுறை எடுத்தேன். ஸ்க்ரூவை முறுக்கியதும் துளையில் இருந்து அடிவிளிம்பு வரை நாரோடு விரிசல் ஓடியது. மூன்று மாலை வேலை அதோடு போயிற்று. இடப்பலகையை மேலே தணிக்கும்போது சிலிண்டரைத் திறந்து, காலித் தோட்டாவும், ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் நிரப்பும் ஸ்பீட்லோடரும் உரசாமல் போகின்றனவா என்பதையும் பாருங்கள்.

எந்த மரம் என்பதற்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். இழைப்பதற்கு வால்நட் இதமானது, தவறை மன்னிக்கும். டார்கெட் பிடிகளில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பயன்படுத்திய கொன்சாலோ ஆல்வஸ் கனமும் கெட்டியும் உள்ளது, உப்புத்தாள் சீக்கிரம் மழுங்கும். கோகோபோலோ கொள்ளை அழகு. ஆனால் அதன் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டு வரும். முகக்கவசம் இல்லாமல் இழைக்காதீர்கள். நம்மூர் ஈட்டி மரத்துக்கு அது உறவு, இரண்டும் டால்பெர்ஜியா பேரினம். அந்தப் பேரினத்துக்கே 2017இல் இருந்து பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஊரில் இருந்து ஈட்டித் துண்டு கொண்டு வந்து பிடி செய்ய வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் ஈட்டிக்கென்றே 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பெட்டியில் போட்டு எடுத்து வரும் பொருள் அல்ல அது.

பூச்சுக்கு டங் எண்ணெயோ ஆளி விதை எண்ணெயோ போதும், மெல்லியதாக மூன்று நான்கு முறை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகத் தீப்பிடித்த கதைகள் உண்மைதான். வெளியே விரித்து உலர்த்திவிட்டுப் போடுங்கள்.

ஆக உங்களுக்கு வரிசை இது. இன்று மாலை மரத்தைக் கழற்றி வெறும் இரும்பைப் பிடித்துப் பாருங்கள். எட்டினால் சதுர அடி கே பிரேமுக்கான மேக்னாவும் டி-கிரிப்பும் வாங்குங்கள். முதல் நாள் பலமாக உதைக்கும் .357 மேக்னம் குண்டு வேண்டாம், உங்கள் துப்பாக்கி அதை விட மென்மையான .38 ஸ்பெஷலும் ஏற்கும், அதில் மெதுவான வாட்கட்டர், அதாவது தட்டை முனைக் குண்டு, ஐம்பது கொண்டு போங்கள். சுட்டு முடித்ததும் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கவையின் நடுவில் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தால் பிடி சரி. கட்டை விரல் அடிமூட்டில் தடம் இருந்தால் மேற்பகுதியில் இன்னும் மரம் இருக்கிறது. நடுவிரல் கணுவில் தடம் இருந்தால் டி-கிரிப் ஒரு அளவு பெரிதாக வேண்டும். அந்தக் கையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.